தமிழில் சொன்ன சாட்சியத்தைத் தமிழில் எழுதி வையுங்கள்: வழக்கறிஞர் சங்கத்துக்கும் சட்ட அலுவலகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர் வழக்கறிஞர் சங்க நிர்வாகக் குழுவினருக்கும், தமிழ் பேசும் கட்சிக்காரர்களுக்கு அஃபிடவிட் (உறுதிமொழியோடு நீதிமன்றத்துக்குத் தரும் எழுத்துச் சாட்சியம்) தயாரிக்கும் வழக்கறிஞர்கள், பயிற்சி வழக்கறிஞர்கள், அலுவலகச் செயலாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஆங்கிலம் சரளமாகத் தெரியாத ஒருவரின் அஃபிடவிட்டை எடுத்த எடுப்பில் ஆங்கிலத்தில் எழுதாதீர்கள். அவர் சொன்னதை முதலில் தமிழில், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆங்கிலம் அதற்குப் பிறகு வரட்டும்.

இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம். இப்போது ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், அலுவலக மேசைகளில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. கட்சிக்காரர் வாட்ஸ்அப்பில் தமிழில் குரல் பதிவு அனுப்புகிறார். ஒரு கருவி அதை எழுத்தாக்குகிறது, அடுத்தது மொழிபெயர்க்கிறது, மூன்றாவது அதைப் பத்தி எண் போட்ட அஃபிடவிட்டாக்கி நீட்டுகிறது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது, ஆங்கிலமும் பிழையில்லாமல் இருக்கிறது. சாட்சி சொன்னதுதானா அது என்று சரிபார்க்கும் இடம் மட்டும் அந்தச் சங்கிலியில் எங்கும் இல்லை.

நம் நீதிமன்ற நடைமுறை இந்த ஆபத்தைக் கூட்டவே செய்கிறது. சிவில் வழக்கில் சாட்சியின் முதல் விசாரணை, அதாவது அவரை அழைத்த தரப்பு அவரிடம் கேட்டுப் பெறும் சாட்சியம், பெரும்பாலும் அஃபிடவிட் வழியாகவே நடக்கிறது. சாட்சி கூண்டில் ஏறுகிறார், உறுதிமொழி எடுக்கிறார், 'இது என் அஃபிடவிட்தான்' என்கிறார், உடனே குறுக்கு விசாரணை. தன் கதையைத் தன் மொழியில் முதலிலிருந்து சொல்ல அவருக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர் பேசும் முதல் சொல்லே எதிர்த்தரப்புக் கேள்விக்கான பதில்தான். மணவிலக்கில் சொத்துப் பிரிவினை, ஜீவனாம்சம் போன்றவற்றில் நிலைமை இன்னும் இறுக்கம். அங்கே குறுக்கு விசாரணையே பெரும்பாலும் கிடையாது. நீதிபதி தாளைப் படித்துத்தான் முடிவெடுக்கிறார். 2024 அக்டோபர் 15-ல் நடைமுறைக்கு வந்த குடும்ப நீதி விதிகள் வழக்கை நீதிபதியே வழிநடத்தும் முறையை வலுப்படுத்தியிருக்கின்றன. முதலில் தாக்கல் செய்ததில் தவறு வந்துவிட்டால், இன்னொன்று போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று நம்பி இருக்க முடியாது.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம். கட்டுமானத் தளத்தில் விழுந்து அடிபட்ட ஊழியர் ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "ஏறச் சொன்னாங்க, ஏறினேன். பெல்ட் இல்ல. கால் வழுக்கிருச்சு, விழுந்துட்டேன்." இதைக் கருவியிடம் கொடுத்து அஃபிடவிட் நடையில் எழுதச் சொன்னால், கிடைக்கும் ஆங்கிலத்தின் சாரம் இதுதான்: 'மேற்பார்வையாளரின் உத்தரவின்படி நான் சாரக்கட்டில் ஏறினேன். எனக்குப் பாதுகாப்புப் பட்டை வழங்கப்படவில்லை. மேற்பரப்பு வழுக்கலாக இருந்ததால் நிலைதடுமாறி விழுந்தேன்.'

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லாதவை நான்கு இதில் ஏறியிருக்கின்றன. 'சொன்னாங்க' என்றால் ஒருவரா, பலரா, மேற்பார்வையாளரா, கூட வேலை பார்த்தவரா என்று அந்த வாக்கியத்தில் இல்லை. எங்கே ஏறினார் என்பதும் இல்லை. பெல்ட் கொடுக்கவே இல்லையா, கொடுத்தும் போடவில்லையா, அறுந்து கிடந்ததா என்று அவர் சொல்லவில்லை. தரை வழுக்கியதா, காலணி தேய்ந்திருந்ததா என்பதும் தெரியாது. சிவில் வழக்கில் பொறுப்பைத் தீர்மானிக்கும் கேள்விகளே இவைதான். உத்தரவிட்டது யார் என்பதில் முதலாளியின் பொறுப்பு நிற்கிறது; பெல்ட் இருந்தும் போடவில்லை என்றால் ஊழியரின் பங்குக் கவனக்குறைவு (விபத்துக்கு அவரும் ஓரளவு காரணம்) என்று சொல்லி இழப்பீட்டை வெட்டுவார்கள். வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் கோரினால் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. அதை விட்டு நீதிமன்றத்துக்கு வரும் ஊழியர் எல்லாவற்றையும் நிரூபித்தாக வேண்டும்.

இப்போது குறுக்கு விசாரணை. "தளத்தில் பெல்ட் இருந்ததா?" என்று கேட்கிறார்கள். "ஸ்டோர்ல இருந்துச்சு, எடுத்துட்டு வர நேரம் இல்ல, சீக்கிரம் ஏறுன்னு சொன்னாங்க" என்கிறார் அவர். உண்மையைத்தான் சொல்கிறார். அது அவருக்குச் சாதகமாகக்கூட அமையலாம். ஆனால் அஃபிடவிட்டில் 'வழங்கப்படவில்லை' என்று இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டையும் அருகருகே வைத்து, "எது பொய்?" என்று கேட்பார். அங்கே விழும் அடி பெல்ட் பற்றிய பதிலோடு நிற்காது. அவருடைய சாட்சியம் முழுவதன் நம்பகத்தன்மையும் ஆட்டம் காணும். அவர் எழுதாத ஒரு வாக்கியத்துக்காக.

இயந்திரம் ஏன் இப்படிச் செய்கிறது? தமிழ்ப் பேச்சில் எழுவாய் விழுவது இயல்பு. ஆங்கில வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்காது. ஆகவே கருவி ஓர் ஆளைத் தானே தேடிப் போடுகிறது. "பணம் குடுத்தாச்சு" என்பது 'நான் பணம் கொடுத்தேன்' ஆகிவிடும். கொடுத்தது மைத்துனராக இருக்கலாம். மரியாதைப் பன்மை ஒரே ஆளைப் பல பேராக்கும். போதாததற்கு, இக்கருவிகள் இடைவெளியை இடைவெளியாக விடாமல், வழக்கமாக எது வருமோ அதைக் கொண்டு நிரப்பும் இயல்பு கொண்டவை. வழக்கமாக வருவது எது என்பதற்கும் இந்த மனிதருக்கு அன்று நடந்தது எது என்பதற்கும் தொடர்பில்லை. எழுதத் தெரிந்த மனித மொழிபெயர்ப்பாளரும் இதே தவறைச் செய்யக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் அவரைக் கூப்பிட்டு "ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று கேட்கலாம்.

எண்களிலும் தொல்லை உண்டு. இங்கே நாம் ஐயாயிரம் டாலரை 'ஐயாயிரம் வெள்ளி' என்போம். தமிழ்நாட்டுத் தமிழை வைத்துப் பழகிய கருவிக்கு அது உலோகமாகவோ கிழமையாகவோ தெரியலாம். ஏஜெண்டுக்குக் கட்டிய தொகையை ஊழியர் லட்சத்தில் சொல்வார், சம்பளத்தை வெள்ளியில் சொல்வார். மாற்றும்போது ஒரு சுழியம் கூடும் அல்லது குறையும். இப்படிப்பட்ட பிழையாவது கண்ணில் பட்டுவிடும். மேலே சொன்ன பெல்ட் மாதிரியான பிழை கண்ணில் படாது, ஏனென்றால் அந்த வாக்கியம் பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது.

விதிகள் இதைப் பற்றி மௌனமாக இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள நீதிமன்றப் பதிவாளர் சுற்றறிக்கை, உச்ச நீதிமன்றம், அரசு நீதிமன்றங்கள், குடும்ப நீதிமன்றங்கள் மூன்றுக்கும் பொதுவானது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தத் தடை இல்லை. கேட்டாலொழிய முன்கூட்டியே அறிவிக்க வேண்டியதும் இல்லை. அஃபிடவிட்டின் முதல் வரைவுக்குக்கூடப் பயன்படுத்தலாம். ஆனால் நீதிமன்றத்தில் வைக்கப் போகும் சான்றை அதைக் கொண்டு உருவாக்கவோ, புனையவோ, மெருகேற்றவோ கூடாது. உள்ளடக்கத்துக்கு முழுப் பொறுப்பு தாக்கல் செய்பவருடையது. ரகசியத் தகவலைக் காக்க வேண்டும். மீறினால் செலவுத் தொகை விதிக்கலாம், ஆவணத்தைப் புறக்கணிக்கலாம், வழக்கறிஞர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். 'பெல்ட் இல்ல' என்பதை 'பட்டை வழங்கப்படவில்லை' ஆக்குவது மெருகேற்றுவதா, மொழிபெயர்ப்பதா? மெருகேற்றுவதுதான் என்பது எங்கள் கருத்து. தமிழ் மூலம் கோப்பில் இல்லாவிட்டால், அப்படி நடக்கவில்லை என்று நிரூபிக்க உங்களிடமும் எதுவும் இருக்காது.

2025-ல் உயர் நீதிமன்றத்தில் ஒரு சிவில் வழக்கில், கருவி கற்பனையாகத் தந்த ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டிய வழக்கறிஞருக்கு 800 வெள்ளியைச் சொந்தப் பணத்திலிருந்து எதிர்த்தரப்புக்குக் கட்டும்படி உத்தரவானது. அதன் பிறகு மேற்கோள்களைச் சரிபார்ப்பது பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நல்லது. ஆனால் இல்லாத தீர்ப்பை எதிர்த்தரப்பு ஒரு தேடலில் கண்டுபிடித்துவிடும். இல்லாத சாட்சியத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத் தரவுத்தளம் எதுவும் இல்லை. 2025 செப்டம்பரில் சட்ட அமைச்சு பொதுக் கருத்துக்கு விட்ட வரைவு வழிகாட்டி தொழில் நெறி, ரகசியம், வெளிப்படைத்தன்மை என்ற மூன்றையும் முன்னிறுத்தியது. வேற்றுமொழிச் சாட்சியம் இந்த மூன்றையும் ஒருசேரத் தொடும் இடம். அதற்கென்று தனியாக ஒரு நடைமுறைக் குறிப்பு தேவை.

இனி, எப்படிச் செய்வது என்பதற்கு வருவோம்.

முதல் சந்திப்பில் பேச்சைப் பெயர்த்துச் சொல்பவர் உறவினராகவோ, தங்குவிடுதி நண்பராகவோ, அதே நிறுவன ஊழியராகவோ இருக்கக் கூடாது. அவர்களே பின்னால் சாட்சிகளாக வரக்கூடியவர்கள். கட்சிக்காரரின் சம்மதத்தோடு உரையாடலை ஒலிப்பதிவு செய்யுங்கள். அவரைக் குறுக்கிடாமல் ஒருமுறை முழுதாகப் பேச விடுங்கள். இரண்டாம் சுற்றில்தான் கேள்வி: யார் சொன்னார்கள், பெயர் என்ன, எந்த மொழியில் சொன்னார்கள்? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. வங்காளதேச மேற்பார்வையாளர் அரைகுறைத் தமிழில் சொன்னதா, சீன முதலாளி சைகையில் காட்டியதா என்பது உத்தரவு எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதையே மாற்றிவிடும்.

தமிழ் வாக்குமூலத்தைப் பேச்சுத்தமிழுக்கு நெருக்கமாகவே எழுதுங்கள். இலக்கணம் திருத்த வேண்டாம். தன்மையில் ('நான்' என்று), சிறு பத்திகளாக, எண் போட்டு எழுதுங்கள். தொகையும் தேதியும் இலக்கத்தில் வரட்டும். பெயர்கள் வேலை அனுமதி அட்டையிலோ அடையாள அட்டையிலோ உள்ளபடி. தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். 'ஞாபகம் இல்லை' என்பதும் சாட்சியம்தான். படித்துக் காட்டி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர் என்றால், படித்துக் காட்டுவதையே ஒலிப்பதிவு செய்து வைக்கலாம்.

மொழிபெயர்ப்பில் பத்தி எண் மாறக் கூடாது. தமிழில் 14-ஆம் பத்தி ஆங்கிலத்திலும் 14-தான். இரண்டைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டாம். தெளிவில்லாத இடத்தை மொழிபெயர்ப்பாளர் ஊகித்து நிரப்பாமல் குறியிட்டு விடட்டும். அதற்குப் பிறகு வழக்கறிஞர் ஆங்கிலத்தில் கை வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும்: பொருத்தமற்றதை நீக்குவது, வரிசைப்படுத்துவது, ஆவணங்களோடு இணைப்பது எல்லாம் உங்கள் வேலை. ஆனால் பொருளில் ஒரு சொல் கூடினாலும் அது தமிழுக்குத் திரும்பி வந்து கட்சிக்காரரின் வாயால் உறுதியாக வேண்டும். அவர் "ஆமா, அப்படித்தான்" என்றால் தமிழ்ப் பிரதியில் கூடுதல் பத்தியாகச் சேர்த்து மறுபடி கையெழுத்து. பெரும்பாலான அலுவலகங்கள் தவறவிடுவது இந்தத் திரும்பு பயணத்தைத்தான்.

அஃபிடவிட்டில் கையெழுத்திடுபவரிடம் உறுதிமொழி வாங்கும் ஆணையர் முன் நடப்பதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். பத்திரத்தின் கடைசியில் வரும் சான்றுரை, மொழிபெயர்ப்பாளர் உள்ளடக்கத்தை உண்மையாகவும் தெளிவாகவும் கேட்கும்படியும் பெயர்த்துச் சொன்னதாக உறுதியெடுத்தார் என்கிறது. 20 பக்க அஃபிடவிட்டில், வரிக்கு வரி இடைவெளி விட்டாலும், ஐயாயிரம் ஆங்கிலச் சொற்களாவது இருக்கும். பார்த்தபடியே தமிழில் சொல்லிக்கொண்டு போனால் நிமிடத்துக்கு நூறு சொல் என்பதே வேகம். கேள்வியே இல்லாவிட்டாலும் ஐம்பது நிமிடம் ஆகும். அதைப் பத்து நிமிடத்தில் முடித்தால் சான்றுரை உண்மையாக இருக்க வழியில்லை. கையெழுத்துப் போட்டவருக்கு என்ன தெரியும்? நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் அளித்தால் தண்டனைச் சட்டத்தின்படி ஏழு ஆண்டு வரை சிறை என்பதை அவருக்கு யாராவது தமிழில் சொன்னார்களா? தமிழ் மூலம் முன்கூட்டியே அவர் கையில் இருந்தால், அந்த ஐம்பது நிமிடம் ஆங்கிலப் பிரதி அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு உண்மையாகவே பயன்படும்.

வாட்ஸ்அப் இணைப்புகளுக்கு வருகிறோம். திரையைப் படம்பிடித்து வெட்டி ஒட்டாதீர்கள். உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்யுங்கள், ஊடகக் கோப்புகளோடு சேர்த்து. ஊடகம் வேண்டாம் என்ற தெரிவைத் தொட்டால் குரல் பதிவுகள் வராது. அந்த இடத்தில் விடுபட்டது என்ற ஒரு வரி மட்டும் நிற்கும். குரல் பதிவை நேரடியாக ஆங்கிலமாக்காமல் முதலில் தமிழ் எழுத்தில் இறக்குங்கள். கேட்காத இடத்தைக் கேட்கவில்லை என்று குறிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழைக் கருவிகள் மோசமாகத் தடுமாறிப் படிக்கும். அதை ஒரு மனிதர் தமிழ் எழுத்துக்கு மாற்றிய பிறகுதான் மொழிபெயர்ப்பு. நீதிமன்றத்தில் தாக்கலாகும் வேற்றுமொழி ஆவணத்தோடு தகுதியுள்ளவர் செய்து உறுதிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தாக வேண்டும். 'கருவி தந்தது' என்று சொல்லி உறுதிமொழி எடுக்க எந்த மொழிபெயர்ப்பாளரும் முன்வர மாட்டார். கட்சிக்காரரின் மருத்துவ அறிக்கையையும் குரலையும் இலவச இணையக் கருவியில் ஏற்றுவது ரகசியக் கடமையை மீறுவதாகும். பயிற்சிக்கு வந்திருக்கும் இளையவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

"எனக்கே தமிழ் தெரியும், எதற்கு இவ்வளவு?" என்று கேட்கும் தமிழ் வழக்கறிஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வகையில் உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். தமிழில் கேட்டு மனத்துக்குள் மொழிபெயர்த்து ஆங்கிலத்தில் தட்டுகிறீர்கள். அவர் என்ன சொன்னார் என்பதற்கு உங்கள் நினைவைத் தவிர ஆதாரம் இல்லை. கூண்டில் அவர் "நான் அப்படிச் சொல்லலை, வக்கீல்தான் எழுதினார்" என்றால், உங்கள் வழக்கில் நீங்களே சாட்சியாகும் நிலை வரும்; வழக்கை விட்டு விலக வேண்டியும் வரலாம். உங்கள் செயலாளர் பெயர்த்துச் சொல்லிச் சான்றுரையில் அவர் பெயர் இருந்தால், அவருக்கும் அதே கதி.

வெளிநாட்டில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் சாட்சியின் வாக்குமூலம் அவரது சொந்த மொழியிலேயே எழுதப்பட வேண்டும், பிறகுதான் மொழிபெயர்ப்பு. சாலை விபத்தில் அடிபட்ட போர்ச்சுக்கீசு மொழிக்காரர் ஒருவரின் வாக்குமூலம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால் அது ஏற்கப்படாமல் வழக்கே தோற்றது. 2022-ல் மேல்முறையீட்டிலும் அந்த முடிவு மாறவில்லை. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. அந்த அளவு கடுமையான விதி இங்கே வர வேண்டும் என்றும் நாங்கள் கேட்கவில்லை. அடிபட்டவரைத் தண்டிக்கும் விதி நல்ல விதி அல்ல. ஆனால் அங்கே கட்டாயமாக இருப்பதை இங்கே வழக்கமாகவாவது ஆக்கலாம்.

குடும்ப வழக்கிலும் இதே பேச்சுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2024 ஜூலை 1 முதல் பரஸ்பர ஒப்புதல் மணவிலக்கில், திருமணம் ஏன் முறிந்தது, சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தார்கள், பிள்ளைகளுக்கும் பணத்துக்கும் என்ன ஏற்பாடு என்று இருவரும் சொல்ல வேண்டும். இந்தக் காரணங்களைக் கருவியிடம் எழுதச் சொன்னால் எல்லாத் தம்பதியருக்கும் ஒரே பத்திதான் வரும். மீண்டும் சேர நியாயமான வாய்ப்பிருப்பதாக நீதிமன்றம் கருதினால் அந்த ஒப்புதலை நிராகரித்தாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

செலவு என்ற பேச்சு வரும். நியாயமான பேச்சுதான், இரண்டு மூன்று பேர் நடத்தும் அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்புக் கட்டணம் சுமை. ஆனால் கருவிகளை விரட்டச் சொல்லவில்லை நாங்கள். ஆங்கிலப் பிரதியிலும் தமிழ்ப் பிரதியிலும் தேதி, தொகை, பெயர் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, நூற்றுக்கணக்கான பக்க உரையாடலை நாள்வாரியாக அடுக்க, எதிர்த்தரப்புக் கடிதத்தின் சாரத்தைக் கட்சிக்காரருக்குச் சொல்ல அவற்றைப் பயன்படுத்துங்கள். பாதுகாப்பான, நிறுவனப் பயன்பாட்டுக்கான கருவி என்றால் நேரம் மிச்சமாகும். மிச்சமான நேரத்தைத் தமிழ் வாக்குமூலத்துக்குச் செலவிடுங்கள். ஊழியர் வேலை அனுமதி முடிந்து தஞ்சாவூருக்கோ புதுக்கோட்டைக்கோ திரும்பிவிட்டால் கணக்கு இன்னும் தெளிவாகும். இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்ற அனுமதியோடு காணொளி வழியே சாட்சி சொல்லும் முன், ஆங்கில அஃபிடவிட்டை அனுப்பி என்ன பயன்? தமிழ்ப் பிரதி இருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து படித்து நினைவைப் புதுப்பித்துக்கொள்வார்.

வழக்கறிஞர் சங்கத்திடம் நாங்கள் கேட்பவை இவை. வேற்றுமொழிச் சாட்சியத்துக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் சேர்த்து ஒரு நடைமுறைக் குறிப்பு வெளியிடுங்கள்; தமிழோடு சீனமும் மலாயும் அதில் அடங்கட்டும். சட்டப் பயிற்சிக் காலம் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாகியிருக்கிறது. அந்தக் கூடுதல் காலத்தில் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கட்சிக்காரரை விசாரிக்கும் ஒரு பயிற்சிக்கு இடம் கொடுங்கள். சட்ட அனுபவமுள்ள தமிழ் மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியல் ஒன்றை உறுப்பினர்களுக்குத் தாருங்கள். இலவசச் சட்ட உதவி வழக்குகளில் மொழிபெயர்ப்புச் செலவுக்கு ஒரு நிதி ஒதுக்க முடியுமா என்று சட்ட அமைச்சோடு பேசுங்கள்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. அடுத்த அஃபிடவிட்டிலிருந்தே, தமிழ் வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தில் இந்த வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்: "மேலே 1 முதல் … வரையுள்ள பத்திகள் நான் தமிழில் சொன்னவை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் கேட்ட திருத்தங்கள் செய்யப்பட்டன. நான் சொல்லாதது எதுவும் இதில் சேர்க்கப்படவில்லை." கீழே அவர் கையெழுத்து, படித்துக் காட்டியவர் பெயர், இடம், தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம்.

இப்படிக்கு,
சட்ட ஆவண மொழிபெயர்ப்பிலும் நீதிமன்ற மொழிபெயர்ப்பிலும் பணியாற்றும் தமிழர் சிலர்
சிங்கப்பூர்